பழைய காரில் டிரம் பிரேக்கை எடுத்து டிஸ்க் பிரேக் போடும்போது

ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), அதை அழுத்தும் பேட், பேடைத் தாங்கும் காலிப்பர், பிராக்கெட், ஹோஸ் என முன்சக்கரத்துக்கான பாகங்களை எல்லோரும் மறக்காமல் வாங்கிவிடுவார்கள். விட்டுப்போவது, பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்தான். டிரம்முக்கான சிலிண்டரில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு இருக்கும். அது அப்படியே இருந்தால் பேட் ரோட்டரை விடாமல் உரசி, சூடேறும். டிஸ்க்குக்கு உரிய சிலிண்டரையே போடுங்கள். பின்சக்கரம் முன்கூட்டியே லாக் ஆகாமலிருக்க பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் ப்ரொபோர்ஷனிங் வால்வும் வேண்டும்.

ஹப் பேரிங்குக்கு அதிக வெப்பம் தாங்கும், டிஸ்க் பிரேக்குக்கென்றே குறிப்பிட்ட என்எல்ஜிஐ 2 (கிரீஸின் கெட்டித்தன்மைத் தரம்) லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ். பழைய கிரீஸை முழுதும் கழுவி, உலர்த்திய பிறகே புதியதை நிரப்புங்கள். இரண்டும் கலந்தால் இளகி ஒழுகலாம்.

காலிப்பர் நகர்ந்துகொடுக்கும் ஸ்லைடு பின்னுக்கு மட்டும் சிலிக்கான் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சாக. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் பூட் (பின்னை மூடும் உறை) உப்பிப்போய், ஸ்லைடு பின் சிக்கிக்கொள்ளும். ஹோஸ் இணைப்பில் செம்பு வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. காலிப்பரில் காற்றை வெளியேற்றும் பிளீடர் திருகு மேல்பக்கம் இருக்கிறதா பாருங்கள். காலிப்பர்கள் இடது வலது மாறினால் காற்று வெளியேறவே வழியில்லை.