கதைக்குள் மெசேஜ் உரையாடல்: குழப்பமில்லாமல் எழுதுவது எப்படி?

கதாபாத்திரங்கள் நேரில் பேசினால் மேற்கோள்குறி போட்டு எழுதிவிடலாம். அவர்களே போனில் மெசேஜ் அனுப்பிக்கொண்டால்தான் தொல்லை. மேற்கோள்குறி போட்டால் வாயால் பேசியது போல இருக்கும். போடாவிட்டால் கதைசொல்லியின் வரிகளோடு கலந்துவிடும்.

1. முதலில் எண்ணுங்கள்

ஒன்றிரண்டு மெசேஜ் என்றால் பத்தியோடு பத்தியாக விடலாம்: ‘எங்க இருக்க?’ என்று கதிரிடமிருந்து வந்தது. அவ்வளவு போதும். மூன்றுக்கு மேல் போனால் தனிப் பகுதியாகப் பிரியுங்கள். ‘ஹாய்’, ‘சாப்டியா’ எல்லாவற்றையும் வெட்டுங்கள். நிஜத்தில் அப்படித்தான் தொடங்குவார்கள், ஆனால் கதை அங்கே தொடங்குவதில்லை.

2. யார் அனுப்பியது?

நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்ததும் மற்றவர் பேசுவார் என்று வாசகர் தானாக எடுத்துக்கொள்வார். மெசேஜில் இது செல்லாது. ஒருவரே அடுத்தடுத்து மூன்று அனுப்புவார். அதனால் ஒவ்வொரு வரியிலும் பெயர் வேண்டும்:

நிலா: கிளம்பிட்டியா
கதிர்: ம்
நிலா: ம் னா?
கதிர்: கிளம்பிட்டேன்
கதிர்: சாவிய மறந்துட்டேன்

கடைசி வரியில் பெயர் இல்லையென்றால் சாவியை மறந்தது நிலா ஆகிவிடுவாள்.

போனில் தெரிவது அதன் சொந்தக்காரர் சேமித்த பெயர். நிலாவின் பார்வையில் கதை போனால் ‘கதிர் ஆபீஸ்’ என்றுகூட இருக்கலாம். பாதிக்கதையில் அது வெறும் ‘கதிர்’ ஆவதே ஒரு செய்திதான். காரணமில்லாமல் மட்டும் மாற்றாதீர்கள்.

3. பக்கத்தில் அமைப்பது

பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. போன் திரை போலவே ஒருவரை இடப்பக்கமும் மற்றவரை வலப்பக்கமும் நிறுத்த ஸ்பேஸ் தட்டித் தள்ளுவார்கள். மின்னூலில் வாசகர் எழுத்தைப் பெரிதாக்கியதும் வரிகள் மடிந்து எல்லாம் சிதறும். அட்டவணை போட்டால் சிறிய திரையில் கட்டங்கள் ஒடுங்கி, நீளமான தமிழ்ச் சொற்கள் உடையும். ஸ்க்ரீன்ஷாட் ஒட்டுவது இன்னும் மோசம்: எழுத்தோடு சேர்ந்து பெரிதாகாது, தேடினால் கிடைக்காது, வாசித்துக் காட்டும் செயலிக்கு அது வெறும் படம்.

செய்யவேண்டியது ஒரு பத்தி ஸ்டைல், அதாவது ஓரம், இடைவெளி போன்ற அமைப்புகளை ஒரே பெயரில் சேமித்து வைப்பது. லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற எழுத்து மென்பொருள் இதற்கு வசதி: எஃப்11 தட்டினால் ஸ்டைல் பட்டியல் திறக்கும். புதிதாக ஒன்று உருவாக்கி ‘மெசேஜ்’ என்று பெயர் வையுங்கள். இடது ஓரம் 1 செ.மீ. உள்ளே, முதல்வரி உள்தள்ளல் 0, மேலும் கீழும் 0.1 செ.மீ. இடைவெளி, இடப்பக்கச் சீர்மை (லெஃப்ட் அலைன்). முதல்வரியை 0 ஆக்க மறந்தால் உங்கள் வழக்கமான பத்தியின் உள்தள்ளல் இங்கேயும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இடப்பக்கச் சீர்மை ஏன்? இரு ஓரமும் சமமாக நிற்கும் பத்திக்குள் ஷிஃப்ட்+என்டர் தட்டி வரி உடைத்தால், ‘ம் னா?’ என்பதில் ‘ம்’ ஒரு கோடியிலும் ‘னா?’ மறு கோடியிலும் போய் நிற்கும். மென்பொருள் அந்தக் குட்டி வரியை முழு அகலத்துக்கும் இழுக்கிறது. ஒவ்வொரு மெசேஜுக்கும் சாதாரண என்டர் தட்டுங்கள். ஏற்கெனவே ஷிஃப்ட்+என்டர் தட்டித் தொலைத்திருந்தால், நீங்கள் எழுதுவது மைக்ரோசாஃப்ட் வேர்டில் என்றால் அதன் தேடி மாற்றும் பெட்டியில் ‘ஸ்பெஷல்’ பட்டனுக்குள் மேனுவல் லைன் பிரேக் இருக்கும். அதைப் பாராகிராஃப் மார்க்காக ஒரே தடவையில் மாற்றலாம்.

சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் கிடையாது. மென்பொருள் நேரெழுத்தையே தள்ளிச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது. பெயரை மட்டும் தடித்த எழுத்தில் விடுங்கள்.

4. மொழி

நிறையப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அதை அப்படியே ஒரு பக்கம் போட்டால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிவரும். பேச்சுத்தமிழில், தமிழ் எழுத்திலேயே கொடுங்கள். ஆளுக்கு ஒரு பழக்கம் போதும்: ஒருவர் முற்றுப்புள்ளி வைக்கவே மாட்டார், இன்னொருவர் ‘சரி.’ என்று புள்ளி வைத்தால் கோபம் என்று அர்த்தம். எழுத்துப்பிழைகளை உப்புப் போலத் தூவாதீர்கள்.

5. நேரமும் டிக்கும்

ஒவ்வொரு வரிக்கும் மணி போடாதீர்கள். இடைவெளி முக்கியமான இடத்தில் கதைசொல்லியே சொல்லட்டும்: ‘இரண்டு டிக். இரவு முழுக்க நீலமாகவில்லை.’ வாட்ஸ்அப்பில் இரண்டு சாம்பல் டிக் என்றால் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்; நீலமானால் படித்தாயிற்று. படித்ததைக் காட்டும் வசதியை அணைத்தவர் படித்தாலும் நீலமாகாது. குழுவில் எல்லோரும் படித்த பிறகே நீலமாகும்.

காலத்தையும் சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். அனுப்பியதை எல்லோருக்குமாக அழிக்கும் வசதி 2017 இறுதியில். திருத்தும் வசதி 2023இல், அதுவும் 15 நிமிடத்துக்குள். 2012இல் நடக்கும் கதையில் நாயகி நீல டிக்கைப் பார்த்து அழ முடியாது. எஸ்எம்எஸ் காலக் கதை என்றால், ஒரு செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து, யூனிகோட் தமிழ் 70தான். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் உண்மையில் இன்னும் குறைவு.

பின்சேர்க்கை: எமோஜி

அச்சுக்குப் போகும் எழுத்துருவில் எமோஜி இல்லையென்றால் வெற்றுக் கட்டம்தான் விழும். கறுப்பு வெள்ளை அச்சில் சிவப்பு இதயமும் நீல இதயமும் ஒன்றே. ‘ஒரு அழுமூஞ்சி மட்டும் அனுப்பினாள்’ என்று எழுதினால் அச்சகத்திலும் கெடாது, ஒலிநூலிலும் கெடாது.