பச்சைப் பத்திரத்தில் பணம் போடுவதற்கு முன்

போன மாதம் சித்தப்பா போன் செய்து, “கிரீன் பாண்டுன்னு ஒண்ணு வருதாம், வரி கிடையாதாமே, ஒரு லட்சம் போடட்டுமா?” என்று கேட்டார். பச்சை என்பதற்காக வரிச் சலுகை எதுவும் கிடையாது, வட்டி உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்துதான் வரிக்கு உட்படும் என்று சொன்னேன். “சரி, யார் வெளியிடுறாங்க?” என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை.

அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கிரீன் பாண்டு, அதாவது பசுமைப் பத்திரம் என்பது, சுற்றுச்சூழலுக்கு உதவும் வேலைக்கென்று சொல்லி நம்மிடம் கடன் வாங்கும் பத்திரம்தான். அந்தக் கடனை வாங்குவது யார்? பச்சை என்ற முத்திரை உங்கள் பணம் எந்த வேலைக்குப் போகிறது என்று மட்டும்தான் சொல்லும், திரும்பி வருமா என்று சொல்லாது. பெரும்பாலான பசுமைப் பத்திரங்களில் வட்டி கட்டுவது வெளியிட்டவரின் மொத்த வருமானத்திலிருந்து. சோலார் பேனல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுவனம் படுத்துவிட்டால் உங்கள் பணமும் மாட்டிக்கொள்ளும். அதனால் மற்ற கடன் பத்திரத்துக்குப் பார்ப்பதைப் போலவே ரேட்டிங் (கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கு மதிப்பீட்டு நிறுவனங்கள் தரும் தரம்), பழைய கடன் சுமை, வட்டி எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதையெல்லாம் பார்த்த பிறகு பச்சைக்கு வாருங்கள்.

ஒரு நிஜப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். இந்தூர் மாநகராட்சி 2023 பிப்ரவரியில் பொதுமக்களிடமே நேராக வந்து 244 கோடி ரூபாய் திரட்டியது. நர்மதைத் தண்ணீரை ஜலூத்திலிருந்து பம்ப் செய்து நகரத்துக்கு ஏற்றுவதற்கு ஆகும் கரண்ட் பில் பெரிய சுமையாக இருந்தது, அதைக் குறைக்க 60 மெகாவாட் சோலார் நிலையம் கட்டுவதற்காக இந்தப் பணம். வட்டி 8.25 சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ரேட்டிங் ஒரு நிறுவனத்திடம் ஏஏ பிளஸ், இன்னொன்றிடம் ஏஏ, இரண்டுமே உச்சமான ஏஏஏ-வுக்கு அடுத்த படிகள். முதலில் கேட்டது 122 கோடிதான், அதற்குக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு விண்ணப்பம் குவிந்ததால் 244 கோடி எடுத்துக்கொண்டது.

இதில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. 1,000 ரூபாய்ப் பத்திரம் ஒவ்வொன்றும் 250 ரூபாயாக நான்கு துண்டுகள், அவை 3, 5, 7, 9 ஆண்டுகளில் ஒவ்வொன்றாக முதிரும். குறைந்தபட்சத் தொகையான 10,000 போட்டவருக்கு முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 825 ரூபாய் வட்டி. அப்புறம் 2,500 கைக்கு வந்துவிடும், வட்டி 618.75 ஆகக் குறையும், ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் 412.50. ஒன்பது வருடமும் அதே 825 வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தால் ஏமாற்றம்தான். திரும்பி வரும் 2,500-ஐ அன்றைய வட்டிக்கு எங்கே போடுவது என்பதும் உங்கள் பொறுப்பு. ஆகவே எந்தப் பத்திரமானாலும் அசல் எப்போது, எத்தனை தவணையில் வருகிறது என்ற அட்டவணையைத் தேடிப் பிடித்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அடுத்தது, பணம் எதற்கு என்று வெளியீட்டு ஆவணம் சொல்லும் பகுதி. “சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்காக” என்று மட்டும் இருந்தால் எனக்கு அது போதாது. எந்த ஊரில், எத்தனை மெகாவாட், எப்போது முடியும் என்று இருக்க வேண்டும். பழைய கடனை அடைக்க எவ்வளவு போகிறது என்பதையும் பாருங்கள், அதைச் சொல்லியாக வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதியே இருக்கிறது. முன்பே கட்டி முடித்த காற்றாலையின் கடனை மாற்றிக்கொள்வது தப்பில்லை, ஆனால் உங்கள் பணத்தால் புதிதாக ஒரு காற்றாலை எழும்பப் போவதில்லை என்று தெரிந்து போடுங்கள்.

2023 பிப்ரவரியில் செபி இந்த விதிகளை இறுக்கியது. வெறும் பச்சைப் பூச்சு (பசுமையாக இல்லாததைப் பசுமை என்று காட்டுவது) கூடாது, சாதகமான விவரத்தை மட்டும் பொறுக்கிக் காட்டக் கூடாது என்றெல்லாம் வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: பணம் சொன்ன வேலைக்குப் போகவில்லை என்றால் அதை முதலீட்டாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், பத்திரம் வைத்திருப்போரில் பெரும்பான்மையினர் கேட்டால் முன்கூட்டியே திருப்பிக் கொடுக்க வேண்டும். சிறு முதலீட்டாளர் கையில் இருக்கும் நிஜமான ஆயுதம் இது, ஆனால் யாராவது கவனித்துக் கேட்டால்தான் வேலை செய்யும்.

இப்போது புதிதாகச் சந்தைக்கு வரும் இன்னொரு வகையில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. சஸ்டைனபிலிட்டி லிங்க்டு பாண்டு என்பது அதன் பெயர். அதில் பணத்தை எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், ஆனால் குறிப்பிட்ட ஆண்டுக்குள் புகையைக் குறைப்பதாகச் சொன்ன இலக்கை எட்டாவிட்டால் கூடுதல் வட்டி தர வேண்டும். இத்தாலியின் மின் நிறுவனமான எனெல் 2019-ல் இதை ஆரம்பித்து வைத்தது. அதே எனெல் 2023-க்கான இலக்கைத் தவறவிட்டு, பல பத்திரங்களுக்கு 0.25 சதவீதம் கூடுதல் வட்டி கொடுக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் இவற்றுக்கான விதிகளை செபி 2025 ஜூனில் கொண்டுவந்தது. இப்படி ஒன்று உங்களிடம் வந்தால் இலக்கு எவ்வளவு கடினம், தவறினால் அபராதம் எவ்வளவு என்ற இரண்டை மட்டும் பாருங்கள். எப்படியும் நடக்கப் போகிறதை இலக்காக வைத்திருந்தால் அந்த முத்திரைக்கு மதிப்பே இல்லை.

ரிஸ்க் வேண்டாம் என்பவர்களுக்கு மத்திய அரசின் பசுமைப் பத்திரம் இருக்கிறது. 2023 ஜனவரி 25-ல் முதல் ஏலம், 8,000 கோடி. ஐந்து வருடத்துக்கு 7.10, பத்து வருடத்துக்கு 7.29 சதவீதம், சாதாரண அரசுப் பத்திரத்தைவிட ஏறக்குறைய 0.05 சதவீதம் குறைவு. அணுமின், 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் போன்றவற்றுக்கு இந்தப் பணம் போகாது. அப்புறம் 2024-ல் நடந்த சில ஏலங்களில் குறைந்த வட்டிக்கு வாங்கப் போதிய ஆள் கிடைக்கவில்லை, அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி 10,000 ரூபாயிலிருந்து வாங்கலாம். முதல் தடவை இறங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன், சித்தப்பாவுக்கும் இதைத்தான் சொன்னேன். முதிர்வு வரை வைத்திருக்க முடிகிற பணத்தை மட்டும் போடுங்கள், நடுவில் விற்கப் போனால் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம், விலையும் உங்கள் கையில் இல்லை.

நிறுவனப் பத்திரமோ மாநகராட்சிப் பத்திரமோ வாங்கியிருந்தால் வேலை அதோடு முடியாது. வருடம் ஒரு முறை, திரட்டிய பணத்தில் எவ்வளவு செலவானது, மீதி எங்கே இருக்கிறது, எவ்வளவு மின்சாரம் உற்பத்தியானது என்ற அறிக்கை வர வேண்டும். போனில் நினைவூட்டல் வைத்துக்கொண்டு பங்குச் சந்தையின் தளத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வெளியீட்டு ஆவணத்தின் முதல் பக்கங்களிலேயே, பத்திரம் வைத்திருப்போர் சார்பில் கண்காணிக்கும் டிரஸ்டியின் மின்னஞ்சல் முகவரி இருக்கும், உங்கள் டீமேட் (பத்திரங்களை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு) எண்ணைக் குறிப்பிட்டு இரண்டே வரி எழுதுங்கள்: “இந்த ஆண்டுக்கான பணப் பயன்பாட்டு அறிக்கை எங்கே வெளியானது? செலவாகாத தொகை எவ்வளவு?”