போனில் மட்டும் நான் ‘மேடம்’

போனை எடுத்து ‘ஹலோ’ என்றால் போதும், எதிர்முனையில் ‘சொல்லுங்க மேடம்’ என்பார்கள். நேரில் யாரும் அப்படி அழைத்ததில்லை, மீசை காப்பாற்றிவிடும்.

சுருதிதான் பிரச்சினை என்று நினைத்து, தொண்டையை அழுத்திக் கட்டைக்குரலில் பேசிப் பார்த்தேன். இரண்டே நாளில் தொண்டை கட்டிக்கொண்டது. அப்போதும் மேடம்தான்.

அப்புறம் என் பேச்சைப் பதிவு செய்து, குரலை அளக்கும் பிராட் (Praat) என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். சராசரி சுருதி 160 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 160 அதிர்வு. ஆண்களுக்குப் பொதுவாக 120, பெண்களுக்கு 200 என்ற அளவில் இருக்கும். நான் நடுவில் மாட்டிக்கொண்டவன். இந்த இடத்தில் காது சுருதியை மட்டும் நம்பாது. தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள குழாய் எவ்வளவு நீளம் என்பதையும் குரலின் ஒலிப்பிலிருந்து ஊகிக்கும். நீளமாகத் தோன்றினால் ஆண். பழைய வகைப் போன் இணைப்போ சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும். சுருதியைத் தரும் அடிநாதம் போய்ச் சேருவதே இல்லை. மேலே உள்ள ஒலிகளை வைத்து மூளைதான் அதைக் கட்டிக்கொள்கிறது.

பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் பிடிபட்டது. மரியாதைக்காகச் சிரித்தபடியே ‘ஹலோ’ சொல்கிறேன். ‘லோ’வில் குரல் மேலே ஏறுகிறது. சிரித்தால் உதடு பின்னுக்கு இழுபட்டு அந்தக் குழாய் குட்டையாகிவிடும். நல்ல பழக்கம்தான், என்ன செய்ய!

இப்போது கொட்டாவி வரப்போவதுபோலத் தொண்டையைத் தளர்த்தி, உதட்டை இழுக்காமல், ‘லோ’வைக் கீழே இறக்கி முடிக்கிறேன். மற்றபடி பேச்சின் சுருதியைத் தொடவே இல்லை. பத்து அழைப்பில் ஒன்றிரண்டு ‘மேடம்’ இன்னும் வருகிறது. சரி, அவர்களிடம் அடுத்த வாக்கியத்திலேயே பெயரைச் சொல்லிவிடுகிறேன்.