சரிவு மவுண்ட் மாட்டிய ரைபிளை ஜீரோ செய்கையில் நேரும் தவறுகள்

ஸ்கோப்பை ரைபிளில் தாங்கும் பேஸ்களில் பின்பக்கம் உயர்ந்த 20 எம்.ஓ.ஏ. (கோண அளவு) சரிவு பேஸைப் புதிதாக மாட்டியவர், ஜீரோ செய்ய, அதாவது குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்த, 100 கஜத்தில் முதல் குண்டைச் சுடுகிறார். தாளில் துளையே இல்லை. ரைபிளில்தான் கோளாறு என்று திருகுகளைக் கழற்றத் தொடங்குகிறார். உண்மையில் குண்டு சுமார் 21 அங்குலம் மேலே போயிருக்கிறது, அப்படித்தான் போகும். ஸ்கோப் குழலைவிடக் கீழ்நோக்கிப் பார்ப்பதால், குறுக்குக்கோட்டை இலக்கில் வைக்கும்போது குழல் அந்த அளவு நிமிர்ந்துவிடுகிறது. ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு. 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்.

இதில் அலட்சியம் கூடவே கூடாது. மேலே போகும் குண்டு மண்மேட்டைத் தாண்டினால் எங்கே விழும் என்று யாரும் சொல்ல முடியாது. ரைபிளின் போல்ட்டை (குழலின் பின்புறத்தை மூடும் பாகம்) கழற்றி, குழல் வழியாக இலக்கைப் பார்த்து, குறுக்குக்கோட்டை அதற்கு இணங்கக் கொண்டுவாருங்கள். முதல் குண்டை 25 கஜத்தில் சுடுங்கள். அங்கே 20 எம்.ஓ.ஏ. என்பது 5 அங்குலம்தான்.

பெரிய தவறு கடையிலேயே நடக்கிறது: ஸ்கோப்பின் மொத்த ஏற்ற இறக்கத்தை, அதாவது மேலும் கீழும் திருத்தக்கூடிய அளவை, எண்ணிப் பார்க்காமல் பேஸ் வாங்குவது. 60 எம்.ஓ.ஏ. உள்ள ஸ்கோப்பில் நடுவிலிருந்து மேலே 30, கீழே 30. இங்கிலாந்தின் பிஸ்லியில் 1,000 கஜத்தில் .308 தோட்டா ரைபிளால் எஃப்-கிளாஸ் (தாங்கியில் ரைபிளை வைத்துச் சுடும் நெடுந்தூரப் போட்டி) சுடுபவருக்கு, 100 கஜ ஜீரோவிலிருந்து ஏறத்தாழ 40 எம்.ஓ.ஏ. ஏற்ற வேண்டியிருக்கும். தட்டையான பேஸில் 30-உடன் டரட் (ஸ்கோப்பைத் திருத்தும் குமிழ்) நின்றுவிடும். 20 எம்.ஓ.ஏ. பேஸில் ஜீரோ நடுவுக்கு 20 கீழே அமைகிறது, டரட்டின் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. என்றால் 80 கிளிக். மேலே 50 கிடைக்கிறது. 1,000 கஜத்திலும் டரட் நடுவைவிட்டு 20-தான் விலகியிருக்கும். விளிம்புக்குப் போகப் போகப் பக்கவாட்டுத் திருத்தம் குறுகுவதால், காற்றடிக்கும் நாளில் இது பெரிய வரம்.

மொத்தமே 40 உள்ள ஸ்கோப்புக்கு அதே பேஸ் பொருந்தாது. 100 கஜ ஜீரோவுக்கே டரட் அடிமட்டத்தை முட்டிவிடும். சரிவுள்ள ரெயிலின் (நீளமான பேஸ்) மேல் சரிவுள்ள மவுண்ட்டையும் வைத்தால் இரண்டும் கூடி 40 ஆகும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பேஸை முன்பின்னாக மாற்றி மாட்டினாலோ இருந்த ஏற்றத்திலும் 20 பறிபோகும்.

சரிவு பேஸ் குண்டின் பாதையை மாற்றாது, வேகத்தையும் கூட்டாது. 100 கஜத்தில் ஜீரோ செய்தபின் எந்தத் தூரத்துக்கு எவ்வளவு ஏற்றுவது என்ற அட்டவணை பழையதேதான்.

பக்கச்சாய்வு முற்றிலும் வேறு. ரைபிள் ஒரு பாகை பக்கவாட்டில் சாய்ந்தாலும் 1,000 கஜத்தில் குண்டு சுமார் 7 அங்குலம் விலகும். இதை எந்தப் பேஸும் சரிசெய்யாது. ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் திருகுகளை இறுக்குமுன் ரைபிளை ரசமட்டத்தால் மட்டம் பார்த்து நிறுத்துங்கள். தூரத்தில் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு ஒட்டவையுங்கள். இறுக்கிய பிறகும் ஒருமுறை பாருங்கள். திருகு இறுகும்போது ஸ்கோப் சற்றுத் திரும்பியிருக்கலாம்.