கராஜ் கதவு இறங்கி மறுபடி ஏறிவிடுகிறதா? விசை ஸ்க்ரூவைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

மோட்டாரில் ஓடும் கராஜ் கதவு பாதி இறங்கி மறுபடி மேலேறிப் போனால், பலர் முதலில் கைவைப்பது, மோட்டார் எவ்வளவு பலமாகத் தள்ள வேண்டும் என்று அமைக்கும், மோட்டார் பெட்டியில் உள்ள விசை ஸ்க்ரூவில்தான். அதைக் கூட்டினால் கதவு பெரும்பாலும் மூடிவிடும், குறை மட்டும் உள்ளேயே கிடக்கும். அடியில் ஒரு குழந்தையோ பூனையோ சிக்கினால் திரும்ப வேண்டிய கதவு, திரும்பாமல் அழுத்தும். ஆகவே அந்த ஸ்க்ரூ கடைசி.

கருவியை எடுப்பதற்கு முன் கதவை மூன்று நான்கு முறை ஓடவிட்டு, எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். கிளம்பவே மறுத்தாலோ, சாண் அளவு இறங்கியதுமே திரும்பி மோட்டார் விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ, சந்தேகம், கதவின் வழியில் தடை இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் மேல். ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் தடுமாறினால், கதவு ஓடும் டிராக் அல்லது அதில் உருளும் ரோலர். தரையைத் தொட்டபின் எழும்பினாலும், தரைக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டாலும் இறக்க எல்லை, அதாவது கதவு எவ்வளவு கீழே போய் நிற்க வேண்டும் என்ற அமைப்பு. ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் தூக்கி, ஒரு கேபிளும் தொய்ந்து தெரிந்தால், மோட்டாரை அப்போதே நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் ஓட்டினால் கதவு டிராக்கை விட்டே வெளியே வந்துவிடும்.

சென்சார்

சுவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கதவு முழுசாக இறங்கும் வரை கையை எடுக்காதீர்கள். பெரும்பாலான மாடல்களில் இப்படி அழுத்தும்போது சென்சாரை மீறிக் கதவு மூடும். மூடிவிட்டால் கோளாறு சென்சாரிலோ அதன் ஒயரிலோதான். ரிமோட்டில் இந்தச் சோதனை நடக்காது. கதவை முழுக்கப் பார்க்கும்படி நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும்.

இரண்டு பக்க டிராக்கிலும், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்துக்குள், தீப்பெட்டி அளவில் ஒவ்வொன்று இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பும், எதிரே இருப்பது வாங்கும். அனுப்புவதின் விளக்கு எப்போதும் எரியும். வாங்குவதின் விளக்கு, கதிர் வந்து சேர்ந்தால் மட்டுமே நிலையாக எரியும். அது அணைந்தோ துடித்தோ இருந்தால், முதலில் இரண்டு கண்ணாடியையும் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். ஒரு சிலந்தி வலை போதும், கதிரை மறித்துவிடும். துடைத்தும் சரியாகவில்லை என்றால், வாங்கும் சென்சாரின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, விளக்கு நிலைக்கும் வரை மெல்லத் திருப்புங்கள். பிடிபடாவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு நூலை விறைப்பாகக் கட்டிப் பார்த்தால் எது ஏறியிருக்கிறது, எது சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நட்டை இறுக்கும்போது சென்சார் மறுபடி நகரும், அதனால் இறுக்கியபின் விளக்கைப் பாருங்கள். பிறகு டிராக்கை விரலால் தட்டுங்கள். விளக்கு சிமிட்டினால் பிராக்கெட் ஆடுகிறது, கதவு ஓடும் அதிர்விலும் அதேதான் நடக்கும்.

காலையிலோ மாலையிலோ மட்டும் மூட மறுக்கிறதா? தாழ்ந்த வெயில் வாங்கும் கண்ணில் நேராக விழுகிறது. அட்டையால் நிழல் கொடுத்துப் பாருங்கள். மூடிவிட்டால் இரண்டு சென்சாரையும் பக்கம் மாற்றி, வாங்குவதை நிழல் பக்கம் வைத்துவிடலாம். இரண்டு விளக்கும் எரியவில்லை என்றால் ஒயர்தான். மோட்டாரின் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, ஒயரைச் சுவரோடு பிடித்திருக்கும் ஆணிகளின் அடியில் நசுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, மோட்டார் முனையில் கழன்றிருக்கிறதா என்று முழு நீளமும் பாருங்கள்.

கதவையே கையால் சோதிப்பது

சென்சார் சரி என்றால், கதவை மோட்டாரின் பிடியிலிருந்து விடுவித்து, கதவை மட்டும் பார்க்க வேண்டும். அதற்கு, கதவு மூடிய நிலையில்தான் மோட்டார் தண்டிலிருந்து தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். திறந்திருக்கும்போது இழுத்தால், ஸ்பிரிங் உடைந்திருக்கும் பட்சத்தில் கதவு முழு எடையோடு விழும். இழுக்கும் முன் கதவுக்கு மேலே உள்ள ஸ்பிரிங்கைப் பாருங்கள். சுருளின் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அது உடைந்துவிட்டது.

கதவைக் கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, கையை அருகிலேயே வைத்துக்கொண்டு பிடியைத் தளர்த்துங்கள். அங்கேயே நிற்க வேண்டும். கனமாகக் கீழே வந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, தானாக மேலே ஓடினால் இறுக்கம் அதிகம். எடையைச் சுமப்பது ஸ்பிரிங்தான். மோட்டார் வெறுமனே நகர்த்துகிறது. அதனால்தான் ஸ்பிரிங் போன கதவோடு மோட்டார் மல்லுக்கட்டும்போது பாதுகாப்பு ஏற்பாடு குறுக்கிட்டு நிறுத்துகிறது. ஸ்பிரிங், கேபிள், கேபிள் பிடித்திருக்கும் அடி பிராக்கெட் இவற்றின் போல்ட்டை நீங்களே கழற்ற வேண்டாம். அதில் அடங்கியிருக்கும் முறுக்கு எலும்பை உடைக்கும். அதற்குப் பழகிய மெக்கானிக் வரட்டும்.

நடுவே எங்காவது இடித்தால், அந்த இடத்தில் டிராக் நெளிந்திருக்கும், அல்லது ஒரு ரோலர் சுற்றாமல் இழுபடும். டிராக் போல்ட்டுகளை இறுக்கி, நேராக நிற்கும் பகுதியை ரசமட்டத்தால் பாருங்கள். டிராக்கின் உள்பக்கத்துக்குக் கிரீஸ் வேண்டாம், அழுக்கை இழுத்துப் பசையாக்கிவிடும். துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் போக வேண்டிய இடம் கீல்கள், ரோலரின் பேரிங், ஸ்பிரிங் சுருள். சிலிக்கான் ஸ்பிரே அல்லது வெள்ளை லித்தியம் கிரீஸ் போடலாம்.

இறக்க எல்லை

தரையைத் தொட்டபின் ஏறும் கதவுக்கு, இன்னும் கீழே போகச் சொல்லி வைத்திருக்கிறது. தரையையே தடை என்று மோட்டார் எடுத்துக்கொள்கிறது. எல்லையைக் குறையுங்கள். மேலேயே நின்றால் கூட்டுங்கள். பழைய மாடல்களில் இதற்கு ஒரு ஸ்க்ரூ இருக்கும். பலவற்றில் முழுச் சுற்று ஒன்றுக்குக் கதவு சுமார் 5 செ.மீ. நகரும். கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். அடி ரப்பர் லேசாக அமுங்கி நின்றால் சரி. புதிய மாடல்களில் பட்டனை அழுத்தி எல்லையைக் கற்றுக்கொடுக்க வேண்டும், கையேட்டில் வரிசை இருக்கும்.

கேபிள் இரண்டும் விறைப்பாக இருந்தும் ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் தெரிந்தால் தரை சரிந்திருக்கிறது, அல்லது அடி ரப்பர் காய்ந்து சுருங்கியிருக்கிறது. எல்லையைக் கூட்டி அந்த இடைவெளியை அடைக்கப் பார்க்காதீர்கள். பருமனான ரப்பர் மாற்றுங்கள்.

எதைத் திருத்தியிருந்தாலும், 38 மி.மீ. தடிப்புள்ள மரப்பலகையைக் கதவின் நடுவே தரையில் படுக்க வைத்து மூடுங்கள். பலகையைத் தொட்டதும் கதவு திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் விசையைக் குறைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் பலகையை அழுத்திக்கொண்டு நின்றால், மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, மெக்கானிக் வந்து பார்க்கும் வரை கதவைக் கையாலேயே திறந்து மூடுங்கள்.