எஸ்ரா பவுண்டின் பொருளியலும் போர் எதிர்ப்பும்: வாசிப்பில் நேரும் தவறுகள்

அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டை அமைதிவாதி என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவதுதான் முதல் தவறு. 1915 ஜூனில் பிரான்ஸின் போர்முனையில் 23 வயதுச் சிற்பி காடியே-பிரெஸ்கா மாண்டது அவருடைய நண்பரான பவுண்டை உலுக்கியது. உடைந்த சிலைகளுக்காகவும் நைந்த சில ஆயிரம் புத்தகங்களுக்காகவும் ஒரு தலைமுறை பலியானதை 1920இல் 'ஹியூ செல்வின் மோபர்லி' என்ற கவிதையில் அவர் குமுறலோடு எழுதினார். ஆனால் 1935இல் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தபோது அதை ஆதரித்தவரும் அவரே. எந்த நிலையிலும் கொல்லலாகாது என்ற அறத்தை அவர் ஏற்றவரல்லர். கடனை விளைவிப்பதற்காகவே போர் மூட்டப்படுகிறது என்பதுதான் அவருடைய வாதம். எனவே பொருளியலை ஒதுக்கிவிட்டுப் போர் எதிர்ப்பை மட்டும் படித்தால் அவர் கவிதை புரியாது.

அந்த வாதத்தின் வேர் சி.எச். டக்ளஸ் என்ற பொறியாளரிடம் இருக்கிறது. ஓர் ஆலை கூலியாகவும் சம்பளமாகவும் ஈவுத்தொகையாகவும் கொடுப்பது 'ஏ', மூலப்பொருளுக்கும் வங்கிக்கும் பிற நிறுவனங்களுக்கும் கட்டுவது 'பி'. விலையில் இரண்டும் சேர்கின்றன, மக்கள் கைக்கு வருவதோ 'ஏ' மட்டும். ஆகவே உள்நாட்டில் விற்க முடியாத சரக்குக்கு அயல்நாட்டுச் சந்தை தேடும் போட்டி போரில் முடிகிறது என்றார் டக்ளஸ். 'காண்டோக்கள்' என்ற தம் நெடுங்கவிதையின் 38ஆம் காண்டோவில், ஆயுத வியாபாரிகளின் கதைகளுக்கு நடுவே, இந்தக் கணக்கைப் பவுண்ட் அப்படியே வரிகளாக்கி வைத்திருக்கிறார். கவிதையில் வந்துவிட்டதாலேயே கணக்கு மெய்யாகிவிடாது: 'பி'யாகப் போகும் பணம் வேறொரு நிறுவனத்தில் யாரோ ஒருவருடைய கூலியாகிறது என்று பொருளியலாளர்கள் மறுத்திருக்கிறார்கள், அந்த மறுப்பு எனக்கும் வலுவானதாகவே படுகிறது.

டக்ளஸையும், பவுண்டை ஈர்த்த இன்னொரு பொருளியல் சிந்தனையாளரான சில்வியோ கெசெல்லையும் ஒன்றாக்குவது இன்னொரு குழப்பம். முன்னவர் கேட்டது குடிமக்கள் எல்லோருக்கும் தேசிய ஈவுத்தொகை. பின்னவர் கேட்டது, பதுக்கி வைத்தால் மதிப்புக் குறையும் பணம். கெசெல்லின் இந்த யோசனைப்படி ஆஸ்திரியாவின் வோர்கல் ஊரில் 1932இல் நகராட்சி வெளியிட்ட நோட்டின் மதிப்பு குறையாமலிருக்க, மாதந்தோறும் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வில்லை வாங்கி ஒட்ட வேண்டியிருந்தது. மறு ஆண்டே மைய வங்கி அதை நிறுத்திவிட்டது.

தமிழில் பெயர்ப்பவர்களுக்கு 45ஆம் காண்டோவில் வரும், வட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'உசூரா' ஒரு கண்ணி. அதைக் 'கந்துவட்டி' என்று எழுதியவுடன் வாசலில் வந்து நின்று மிரட்டும் உள்ளூர் வட்டிக்காரர் நம் கண்முன் வந்துவிடுகிறார். உற்பத்தியைப் பொருட்படுத்தாமல் வாங்கும் சக்தியின்மேல் விதிக்கப்படும் கட்டணம் என்றே பவுண்ட் அதற்குக் குறிப்பு எழுதினார். அதனால்தான் அக்கவிதையில் கடனாளி அழுவதில்லை. ரொட்டி காகிதம்போல் வறள்கிறது, கல்தச்சன் கல்லையும் நெசவாளி தறியையும் அணுக முடியாமல் போகிறது. நான் பெயர்ப்பதானால் 'உசூரா' என்றே விட்டுவிடுவேன்.

அவருடைய யூத வெறுப்பைத் தனிப்பட்ட குறை என்று கழித்துவிட்டுப் பொருளியலைத் தூய்மையாக எடுத்துக்கொள்ளப் பார்ப்பதும் பிழையே. 1941 முதல் 1943 வரை அவர் ரோம் வானொலியில் ஆற்றிய உரைகளில் வங்கியும் யூதரும் போரும் ஒரே மூச்சில் வருகின்றன. காண்டோக்களிலும் அந்த நஞ்சு உண்டு. இறந்த ஆண்டான 1972இல் எழுதிய ஒரு முன்னுரையில், தாம் நோயின் அறிகுறியையே காரணமாகக் கொண்டுவிட்டதாகவும், காரணம் பேராசையே என்றும் அவர் ஒப்புக்கொண்டார். இந்த வரியை மேற்கோள் காட்டுபவர்கள், இனங்களைப் பற்றிய வாக்கியங்களில் 'அவர்கள்' என்ற சொல்லை மிகுந்த கவனத்தோடு ஆள வேண்டும் என்று அதே முன்னுரையில் அவர் சொன்னதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.