ஃபுளோரிடா கை மாறிவிட்டதா? அவசரக் கணக்கில் வரும் தவறுகள்

2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தைக் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் பிடித்தது வெறும் 537 வாக்குகளில். 2008, 2012 இரண்டு முறையும் அங்கே ஜனநாயகக் கட்சியின் ஒபாமா ஜெயித்தார். 2024-இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் 13 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். இனி அது குடியரசுக் கட்சியின் கோட்டை என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். இருக்கலாம். ஆனால் அதற்கு அவர்கள் போடும் கணக்கில்தான் ஓட்டை.

பெரிய தவறு, வெற்றி வித்தியாசத்தை மட்டும் பார்ப்பது. 2018 ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரான் டிசாண்டிஸ் தப்பியது 0.4 புள்ளியில். 2022-இல் அவருக்கே 19 புள்ளி முன்னிலை. நாலே வருடத்தில் மாநிலமே மனம் மாறிவிட்டதா? வாக்குகளைப் பிரித்துப் பாருங்கள். டிசாண்டிஸின் வாக்கு சுமார் 40.8 லட்சத்திலிருந்து 46.1 லட்சமானது. ஜனநாயகக் கட்சி 40.4 லட்சத்திலிருந்து 31.1 லட்சத்துக்கு விழுந்தது. ஒரு பக்கம் கூடியதைவிட மறுபக்கம் கரைந்ததுதான் அதிகம். மக்கள்தொகை பெருகிக்கொண்டிருந்த மாநிலத்தில் பதிவான மொத்த வாக்கே நாலு லட்சத்துக்கு மேல் குறைந்தது. கட்சி மாறியவரையும் வாக்களிக்காமல் வீட்டில் இருந்துவிட்டவரையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது.

சரி, அதற்காக எல்லாமே வாக்களிக்க வராதவர்களின் வேலை என்றும் தள்ளிவிட முடியாது. அங்கே வாக்காளராகப் பதியும்போதே தன் கட்சியையும் பதிந்துகொள்ளலாம்; 2021-இல் அந்தக் கட்சிப் பதிவில் குடியரசுக் கட்சி முந்தியது; 2024-க்குள் அந்த முன்னிலை பத்து லட்சத்தைத் தாண்டியது. ஆனால் பதிவேடு மெதுவாகத்தான் நகரும். வடக்கு ஃபுளோரிடாவில் பலர் காலங்காலமாக ஜனநாயகக் கட்சியில் பதிந்துகொண்டே குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தவர்கள். அவர்கள் பதிவை மாற்றினால் அது புது வாக்கு அல்ல.

அப்புறம் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை எல்லாம் 'லத்தீனோ வாக்கு' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது. மயாமியின் கியூபக் குடும்பங்களுக்கும் ஒர்லாண்டோ பக்கத்துப் போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கும் மொழி ஒன்று, அரசியல் வேறு. மயாமி-டேட் மாவட்டத்தில் 2016-இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலரி கிளிண்டன் கிட்டத்தட்ட 30 புள்ளி முன்னிலை பெற்றார்; 2024-இல் டிரம்ப் அங்கே 11 புள்ளியில் ஜெயித்தார். இதைக் கோட்டைக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். எட்டு வருடத்தில் நாற்பது புள்ளி நகர்ந்த இடத்தை அசையாத இடம் என்று எப்படிச் சொல்வது?

கட்சிக்கு விழும் வாக்கைக் கொள்கைக்கு விழும் வாக்காக எண்ணுவதும் தவறு. ஃபுளோரிடாவில் டிரம்ப் ஜெயித்த 2020-இல் அதே மாநிலம் குறைந்தபட்ச மணிக்கூலியை 15 டாலராக்கும் மாநில அரசியல் சாசனத் திருத்தத்துக்குச் சுமார் 61 சதவீத ஆதரவு தந்தது. 2024-இல் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 57 சதவீதம் வாங்கியும் தோற்றது, 60 தேவைப்பட்டது.

2028-க்கு ஃபுளோரிடாவை இழுபறிப் பட்டியலில் நான் வைக்க மாட்டேன். 'நிரந்தரம்' என்றும் எழுத மாட்டேன். வர்ஜீனியா 1968 முதல் 2004 வரை எல்லா அதிபர் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தது. 2008 முதல் ஒரு தடவைகூட இல்லை.